பதினைந்து நிமிட டெமோவும் பத்து மடங்கு வேகமும்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு டெமோ. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன ஒரு பெண், புதிதாக வந்திருக்கும் ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை எடுத்துக் காட்டினார். ஒரு கட்டளை அடித்தார். பட்டியல் பக்கம், சேர்க்கும் படிவம், திருத்தும் படிவம், அழிக்கும் பட்டன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "இப்ப நாம பண்றதைவிட இது பத்து மடங்கு வேகம்" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினோம்.

"இந்தப் பத்து எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அவங்க சைட்லயே போட்டிருக்காங்க அண்ணா."

நான் மேலே எதுவும் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தப் பத்து எனக்குப் பழைய சிநேகிதம். 2006-ல் இதே மாதிரி ஒரு அறையில், இதே மாதிரி ஒரு புரொஜெக்டர் முன்னால் நின்று, இதே பத்தை நான் சொல்லியிருக்கிறேன். அதற்கான விலையை வேறு சிலர் கொடுத்தார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து, இந்த 'பத்து மடங்கு' எங்கிருந்து கிளம்பியது, வழியில் என்ன ஆனது என்று பழைய குறிப்புகளைத் தேட ஆரம்பித்தேன். அப்படிச் சேர்ந்தவைதான் இவை.

கணினித் துறையில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். எந்த வெப் அப்ளிகேஷனை எடுத்தாலும் பாதி வேலை ஒன்றேதான். பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை வாங்க வேண்டும், டேட்டாபேஸில் தேட வேண்டும், கிடைத்ததைப் பக்கமாக்கி அனுப்ப வேண்டும், படிவத்தில் தப்பாக எழுதியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் எழுதாமல், ஒருமுறை எழுதி வைத்ததை எல்லோரும் பயன்படுத்த ஒரு சட்டகம் செய்து கொடுத்தால் அதுதான் ஃபிரேம்வொர்க். நல்ல விஷயம்தான். சிக்கல் அதோடு சேர்ந்து வரும் வாக்குறுதியில் இருக்கிறது.

முதல் வாக்குறுதி, 1954

இந்த வாக்குறுதியின் வயது வெப்பைவிட அதிகம். 1954 நவம்பரில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு, தாங்கள் செய்யப்போகும் ஃபோர்ட்ரான் மொழி பற்றி ஒரு முன்னறிக்கை வெளியிட்டது. அதுவரை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளை மனிதர்களே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இனி கணித வாய்ப்பாடு மாதிரி எழுதினால் போதும். கட்டளை எழுதும் வேலையும் பிழை தேடும் வேலையும் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும் என்ற பொருளில் அந்த அறிக்கை பேசியது.

மூன்று வருடம் கழித்து, 1957-ல், ஃபோர்ட்ரான் வெளிவந்தது. அதே குழு ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுதியது. அதில் ஓர் உதாரணம் வருகிறது. ஒரு புரோகிராமர் 47 வரிகளில், நான்கு மணி நேரத்தில் ஒரு வேலையை எழுதி முடிக்கிறார். ஐபிஎம் 704 ஆறு நிமிடத்தில் அதைச் சுமார் 1,000 இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. கையால் எழுதியிருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கலாம் என்று அவர் கணிக்கிறார். எல்லாம் சரி. ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் விடை தப்பு. எங்கே தப்பு என்று தேடி, ஒரு வரியைத் திருத்தி, மறுபடி ஓடவிட்டபிறகுதான் சரியான விடை வருகிறது.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். பிழை தேடும் வேலை ஒழிந்துவிடும் என்று சொன்ன குழு, தன் வெற்றிக்குச் சான்றாகக் கொடுத்த உதாரணத்திலேயே ஒரு பிழை தேடல் இருக்கிறது! ஆனால் பேக்கஸைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. அவர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். முன்னறிக்கையில் இருந்தது ஆசை. 1957 கட்டுரையில் இருந்தது அனுபவம். இரண்டும் ஒரே குழு எழுதியதுதான்.

ஃபோர்ட்ரான் போன்ற மொழிகள் கொண்டுவந்த மாற்றம் எவ்வளவு பெரியது? ஃபிரெட் புரூக்ஸ் 1986-ல் எழுதிய 'வெள்ளித் தோட்டா இல்லை' என்ற புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு ஓர் எண் வருகிறது. உயர்நிலை மொழிகளால் உற்பத்தித்திறன் குறைந்தது ஐந்து மடங்கு கூடியதாகப் பெரும்பாலானவர்கள் கருதுகிறார்கள் என்கிறார் அவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் வரலாற்றின் மிகப்பெரிய ஒற்றைத் தாவலுக்கே 'குறைந்தது ஐந்து'தான் எல்லோரும் ஒப்புக்கொண்ட மதிப்பெண். ஒரு தனித் தொழில்நுட்பமோ நிர்வாக உத்தியோ பத்தே ஆண்டுகளில் பத்து மடங்கு முன்னேற்றம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

செல்லப்பிராணிக் கடை

இனி வெப் காலத்துக்கு வருவோம். சன் நிறுவனம் ஜாவாவில் பெரிய வெப் அப்ளிகேஷன் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுக்க 'பெட் ஸ்டோர்' என்று ஒரு மாதிரி அப்ளிகேஷனை வெளியிட்டது. நாய், பூனை, மீன் விற்கும் ஒரு கற்பனைக் கடை. நானும் அதைப் படித்துத்தான் ஜாவா வெப் வேலையைக் கற்றுக்கொண்டேன்.

2001 கடைசியில், டாட்நெட் வெளிவரப்போகும் சமயம், மைக்ரோசாஃப்ட் அதே கடையை டாட்நெட்டில் எழுதிக் காட்டியது. ஜாவாவில் 14,000 வரிகளுக்கு மேல், எங்களுக்குச் சுமார் 3,500 போதும் என்றார்கள். கூடவே, 28 மடங்கு வேகம் என்றும் விளம்பரம் செய்தார்கள். இந்த எண்கள் அந்தக் காலத்து டீக்கடைப் பேச்சுவரை வந்தன, குறைந்தபட்சம் ஐடி கம்பெனிகளுக்கு எதிரில் இருந்த டீக்கடைகளில்.

ஜாவா தரப்பின் பதில் எளிமையானது. பெட் ஸ்டோர் பந்தயத்துக்கு எழுதியது அல்ல, பாடம் நடத்த எழுதியது. வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு படியையும் விரித்து எழுதுவார், அதை எண்ணி 'இவருக்கு இத்தனை வரி ஆனது' என்று சொல்ல முடியாது. டாட்நெட் வடிவத்தில் டேட்டாபேஸ் வேலையில் பெரும்பகுதியை ஸ்டோர்டு ப்ரொசீஜர்களுக்குள் வைத்திருந்தார்கள். வேகத்துக்காக அப்படிச் செய்வது தப்பில்லை. ஆனால் அது ஃபிரேம்வொர்க்கின் பெருமையில் சேராது.

இங்கே நான் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு: எத்தனை மடங்கு என்று பார்ப்பதற்கு முன், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார். போட்டியாளரைத் தேர்ந்தெடுப்பவரே ஜெயிப்பவராகவும் இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்புக் குறைவு.

ரெயில்ஸ் வந்த கதை

2004-ல் ஜாவாவில் வெப் வேலை செய்தவர்களுக்கு எக்ஸ்எம்எல் என்ற சொல்லைக் கேட்டாலே கை வலிக்கும். ஸ்ட்ரட்ஸுக்கு ஒரு எக்ஸ்எம்எல், ஹைபர்னேட்டுக்கு ஒவ்வொரு டேபிளுக்கும் ஒன்று, சர்வருக்கு ஒன்று. ஒரு புது ஃபீல்டு சேர்க்க ஆறு ஃபைல்களைத் தொட வேண்டும். ஒன்றை மறந்தால், சர்வரை நிறுத்தி மறுபடி ஏற்றிய பிறகுதான் அது தெரியும்.

அந்த நேரத்தில்தான் டேவிட் ஹைன்மையர் ஹான்ஸன் என்ற டேனிஷ் இளைஞர் வந்தார். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்காக 'பேஸ்கேம்ப்' என்ற அப்ளிகேஷனை ரூபி மொழியில் எழுதியவர். அதன் அடியில் இருந்த பொதுவான பகுதியைப் பிரித்தெடுத்து, 2004 ஜூலையில் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்று எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 1.0 பதிப்பு 2005 டிசம்பரில் வந்தது.

ரெயில்ஸின் மையமான யோசனை, பெயரில் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தால் எதையும் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்பது. டேபிளின் பெயர் பன்மையில் இருக்கட்டும், கிளாஸின் பெயர் ஒருமையில் இருக்கட்டும், ஒவ்வொரு டேபிளிலும் 'ஐடி' என்று ஓர் எண் காலம் இருக்கட்டும். மிச்சத்தை ரெயில்ஸே புரிந்துகொள்ளும். எக்ஸ்எம்எல் கிடையாது. ஃபைலைச் சேமித்துவிட்டு பிரவுசரை ரிஃப்ரெஷ் செய்தால் மாற்றம் தெரியும். இது எங்களுக்கு எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் விளக்குவது கஷ்டம்.

2005 ஜனவரியில் கர்ட் ஹிப்ஸ் என்பவர் ஓரெய்லியின் இணைய இதழில் ரெயில்ஸுக்கு ஓர் அறிமுகக் கட்டுரை எழுதினார். வழக்கமான ஜாவா ஃபிரேம்வொர்க்கைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாக ஒரு வெப் அப்ளிகேஷனை எழுத முடியும் என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள் என்று அதில் கேட்டார். நான் தேடிய பத்து இங்கேதான் அகப்பட்டது. கவனியுங்கள், அது ஒரு கேள்வியாகத்தான் கிளம்பியது. அதற்குப் பின்னால் அளவீடு எதுவும் இல்லை. ஆனால் கேள்விக்குறி சீக்கிரம் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் ஊர் ஊராகப் போனது.

இன்னொன்று, ஹான்ஸன் வெளியிட்ட வீடியோ. பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பதிவு மென்பொருளை நம் கண் முன்னால் எழுதிக் காட்டுவார். அதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஏமாற்று வேலை எதுவும் இல்லாத வீடியோ அது, எல்லாமே நிஜமாக ஓடும். பிற்பாடு யோசித்தபோதுதான் அதில் எவையெல்லாம் இல்லை என்று தோன்றியது. லாகின் இல்லை. யார் எதைத் திருத்தலாம் என்ற அனுமதி இல்லை. குப்பைப் பின்னூட்டத்தைத் தடுக்கும் வழி இல்லை. எழுதியதை ஒரு நிஜ சர்வரில் ஏற்றும் வேலை இல்லை. அந்த வருடங்களில் ரெயில்ஸை சர்வரில் ஏற்றிப் படுக்காமல் நிற்கவைப்பது ஒரு தனி அவஸ்தை. 2008-ல் பேசஞ்சர் வந்த பிறகுதான் அது கொஞ்சம் மனிதர்கள் செய்யும் வேலையானது.

வரிகளை எண்ணினால்

எண்களே இல்லையா என்றால், இருந்தன. ஜாவா புத்தக ஆசிரியர் ஜஸ்டின் கெட்லாண்ட் 2005-ல், தான் ஸ்பிரிங்கும் ஹைபர்னேட்டும் வைத்து எழுதிய ஓர் அப்ளிகேஷனை ரெயில்ஸில் திரும்ப எழுதினார். ஜாவாவில் சுமார் 3,300 வரிகள், ரெயில்ஸில் சுமார் 1,200. கான்ஃபிகரேஷன் மட்டும் 1,100-க்கு மேல் இருந்தது 100 சொச்சமாகக் குறைந்தது. இதுதான் எனக்குக் கிடைத்ததில் நேர்மையான ஒப்பீடு. ஒரே ஆள், ஒரே அப்ளிகேஷன்.

இதையும் பிரித்துப் பார்க்கலாம். கான்ஃபிகரேஷனில் பத்து மடங்கு குறைவு, நிஜம். ஆனால் சொந்தமாக எழுத வேண்டிய நிரலில் மூன்று மடங்குக்கும் குறைவு. ஒரே அப்ளிகேஷனுக்குள்ளேயே 'பத்து' ஒரு மூலையில்தான் இருக்கிறது. அதற்கும் மேல், இரண்டாவது முறை எழுதுபவருக்குக் கேள்வித்தாள் முன்பே தெரியும். எந்தப் பக்கம் தேவை, எது தேவையில்லை என்று முதல் தடவை முட்டி மோதிக் கற்றது அவர் கையில் இருக்கிறது. அந்த லாபத்தை ஃபிரேம்வொர்க்கின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். புரூக்ஸ் 1975-ல் வந்த தன் புத்தகத்தில், ஒரு மென்பொருள் வேலையில் நேரம் எப்படிச் செலவாகிறது என்று ஒரு கைக்கணக்கு தருகிறார். திட்டமிடல் மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுதுவது ஆறில் ஒரு பங்கு, பகுதி பகுதியாகச் சோதிப்பது கால் பங்கு, முழுவதையும் சேர்த்துச் சோதிப்பது இன்னொரு கால் பங்கு.

12 மாத வேலை என்றால், திட்டம் 4, எழுதுவது 2, சோதனை 3 + 3. எழுதும் வேலை நிஜமாகவே பத்து மடங்கு வேகமானால் 2 மாதம் 0.2 ஆகும். மொத்தம் 10.2 மாதம். அதாவது 15 சதவீத லாபம். சரி, தாராளமாக இருப்போம். வரிகள் குறைந்தால் பிழைகளும் குறையும், ஆகவே சோதனையும் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 + 0.2 + 3 = 7.2 மாதம். ஒன்றே முக்கால் மடங்குகூட வரவில்லை. மொத்த வேலையும் பத்து மடங்கு வேகமாக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் 1.2 மாதத்தில் முடிக்க வேண்டும். கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்று பேசி முடிக்கவே 4 மாதம் ஆகிறதே!

அப்படியென்றால் ஹான்ஸன் பொய் சொன்னாரா? இல்லை. அவர் இடத்தில் நின்று பாருங்கள். சொந்தத் தயாரிப்பு. என்ன வேண்டும் என்று முடிவு செய்வது தாங்களே. டேட்டாபேஸ் புதிது, டேபிள்களுக்குப் பெயர் வைப்பதும் தாங்களே. திட்டமிடும் அந்த 4 மாதம் அவர்களுக்கு ஒரு மத்தியானப் பேச்சாக முடிந்திருக்கலாம். அந்த இடத்தில் பத்து மடங்கு என்று ஒருவருக்குத் தோன்றினால் அது நியாயமான அனுபவம். அந்த அனுபவத்தை அது பிறந்த வீட்டிலிருந்து கிளப்பி, முகவரி எழுதாமல் ஊருக்கெல்லாம் தபால் போட்டதுதான் மிகை.

நான் போட்ட தபால்

அப்படி ஒரு தபாலை நானும் போட்டேன். 2006 கடைசி, சென்னை. ஒரு கஸ்டமருக்கு உதிரிப்பாகக் கிடங்கின் கையிருப்புக் கணக்கை வெப்பில் கொண்டுவர வேண்டும். எங்கள் டீம் ஸ்ட்ரட்ஸில் ஆறு மாதம் என்று எஸ்டிமேட் போட்டிருந்தது. நான் ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்து ரெயில்ஸில் ஒரு டெமோ தயாரித்தேன். திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் பன்னிரண்டு நிமிடத்தில் பொருள் பட்டியலையும் இருப்புப் பதிவையும் ஓட்டிக் காட்டினேன். பத்து மடங்கு என்றேன். அவர் நிதானமான மனிதர், மூன்று மடங்கு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் என்று கஸ்டமருக்கு மெயில் போயிற்று.

அடுத்த வாரம் கஸ்டமரின் டேட்டாபேஸைப் பார்க்கப் போனோம். ஆரக்கிள். பத்து வருடப் பழசு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். டேபிள் பெயர்கள் எட்டெழுத்துச் சுருக்கங்கள். 'ஐடி' காலம் எதிலும் கிடையாது. கிடங்கு எண், பொருள் எண், தேதி மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு வரிசையின் அடையாளம்.

"சார், இந்த டேபிள்ல எல்லாம் ஒரு ஐடி காலம் சேர்க்கலாமா?" என்று கேட்டேன்.

"தம்பி, இதே டேபிளை இன்னும் ஏழு புரோகிராம் படிக்குது. அதுல ரெண்டு யார் எழுதினதுன்னே தெரியாது. கை வெச்சா மாசக் கடைசில சம்பளம் நின்னுடும்ப்பா."

பல காலங்கள் சேர்ந்த சாவியை அன்றைய ரெயில்ஸ் தன்னளவில் ஏற்காது. அந்த வசதி ரெயில்ஸுக்குள்ளேயே வந்தது 2023-ல், 7.1 பதிப்பில். நாங்கள் ஒவ்வொரு டேபிளுக்கும் வழக்கத்தை மீறுவதற்கான நிரல் எழுதினோம். வழக்கத்தைக் கடைப்பிடித்தால்தான் ரெயில்ஸ் வேகம். மீறினால், ஜாவாவில் எக்ஸ்எம்எல் எழுதியதைவிட மெதுவாகக்கூடப் போகும்.

முடிய ஏழு மாதம் ஆனது. பழைய எஸ்டிமேட்டைவிட ஒரு மாதம் கூட. பெரிய நஷ்டம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் கஸ்டமருக்குச் சொன்னது இரண்டு மாதம். ஆகவே மூன்றாவது மாதத்திலிருந்து ஏழாவது மாதம்வரை ஒவ்வொரு நாளும் நாங்கள் தாமதத்தில் இருந்தோம். ஆறு மாதம் என்று சொல்லியிருந்தால் சாதாரணமாக நடந்திருக்க வேண்டிய வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலையாக மாறியது. டீமில் ஒருவர் தன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஊருக்குப் போகவில்லை. அவர் டெமோ காட்டவில்லை, பத்து என்று சொல்லவில்லை, ரெயில்ஸ் வேண்டும் என்று கேட்கவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டது இரண்டு வருடம் கழித்து. "விடுங்க, அப்ப எல்லாருக்கும் ஆசைதானே" என்றார். அவர் விட்டுவிட்டார். எனக்கு இன்னும் முழுசாக விடவில்லை.

சிடி பேபியும் ட்விட்டரும்

ஏறக்குறைய அதே காலத்தில் எங்களைவிடப் பெரிய இடத்திலும் இது நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. டெரெக் சிவர்ஸ் என்பவர் 'சிடி பேபி' என்று தனி இசைக்கலைஞர்களின் சிடிக்களை விற்கும் தளம் நடத்தினார். பிஎச்பியில் 90,000 வரிகள். 2005-ல் அதை ரெயில்ஸில் திரும்ப எழுத ஆரம்பித்தார், அதுவும் ரெயில்ஸின் முன்னணி நிரலாளர் ஒருவரையே துணைக்கு வைத்துக்கொண்டு. இரண்டு வருடம் ஆகியும் முடியவில்லை. எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, தனி ஆளாக, பிஎச்பியிலேயே இரண்டு மாதத்தில் எழுதி முடித்தார். 12,000 வரிகள். 2007 செப்டம்பரில் இதை வெளிப்படையாக எழுதினார்.

ரெயில்ஸை வெறுத்தவர்கள் இதைக் கொண்டாடினார்கள். ஆனால் அவர் சொன்னதில் பாதியை விட்டுவிட்டார்கள். ரெயில்ஸிலிருந்து கற்ற ஒழுங்கை பிஎச்பிக்குக் கொண்டுபோனதால்தான் புது நிரல் அவ்வளவு அழகாக வந்தது என்பதையும் அவர் சொல்லியிருந்தார். கருவி அவர் வேலைக்குப் பொருந்தவில்லை, கருவி கற்றுக்கொடுத்தது பொருந்தியது.

எதிர்ப்பக்க மிகையும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2006-ல் ரெயில்ஸில் எழுதப்பட்டு வெளிவந்த ட்விட்டர், கூட்டம் கூடக்கூட அடிக்கடி படுத்தது. படுக்கும்போதெல்லாம் பறவைகள் ஒரு திமிங்கலத்தைத் தூக்கிப்போகும் படம் வரும். 'ரெயில்ஸ் தாங்காது' என்பது எல்லோர் வாயிலும் வந்தது. 2011 ஏப்ரலில் ட்விட்டர் தன் தேடல் பகுதியின் முன்புறத்தை ரெயில்ஸிலிருந்து ஜாவாவுக்கு மாற்றி, தேடல் மூன்று மடங்கு வேகமானதாக அறிவித்தது. 800 மில்லிசெகண்ட் 250 ஆகக் குறைந்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்றார்கள். ஆனால் மாறியது மொழி மட்டுமா? அதற்குச் சில மாதம் முன்பே தேடல் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து லூசீனுக்குப் போயிருந்தது. ஒரு கோரிக்கை முடியும்வரை காத்திருக்கும் சர்வருக்குப் பதில் காத்திருக்காத சர்வர் வந்திருந்தது. அமைப்பே மாறிய இடத்தில் மொழிக்கு மட்டும் மாலை போடுவதும், மொழியை மட்டும் தூக்கில் போடுவதும் ஒன்றுதான். கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் ரெயில்ஸில் பிறந்து ரெயில்ஸிலேயே பிரம்மாண்டமாக வளர்ந்தன. 'தாங்காது' என்பதும் முகவரி இல்லாத தபால்தான்.

பதினாறாவது நிமிடம்

டெமோவில் தெரியாத இன்னொரு செலவு, வசதிக்குள்ளேயே ஒளிந்திருப்பது. ரெயில்ஸில் படிவத்தில் வரும் எல்லா ஃபீல்டையும் ஒரே வரியில் டேபிளுக்குள் போட்டுவிடலாம். டெமோவில் கைதட்டல் வாங்கும் வரி அது. ஆனால் நீங்கள் படிவத்தில் வைக்காத ஒரு ஃபீல்டை யாராவது சேர்த்து அனுப்பினால், அதுவும் உள்ளே போகும். 2012 மார்ச்சில் ஒரு ரஷ்ய இளைஞர் இந்த ஓட்டை வழியாக கிட்ஹப்பில் ரெயில்ஸ் திட்டத்துக்கே தன்னை அனுமதி உள்ளவராகச் சேர்த்துக்கொண்டு காட்டினார். அதற்கு முன்பே அவர் எச்சரித்திருந்தார், பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் வந்த ரெயில்ஸ் 4-ல், எந்தெந்த ஃபீல்டை ஏற்கலாம் என்று நாமே எழுதிச் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். மிச்சமான வரிகளில் சில, எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தன.

இத்தனைக்குப் பிறகும், ரெயில்ஸ் வெறும் கூச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். 'வழக்கத்தைக் கடைப்பிடித்தால் சொல்லத் தேவையில்லை' என்ற யோசனை பிஎச்பியின் கேக்பிஎச்பிக்குப் போனது, குரூவியின் கிரெய்ல்ஸுக்குப் போனது. எந்த ஜாவாவைக் கிண்டல் செய்தார்களோ அந்த ஜாவாவிலேயே 2014-ல் ஸ்பிரிங் பூட் வந்தபோது, எக்ஸ்எம்எல் மலை பெருமளவு கரைந்திருந்தது. இன்று ரெயில்ஸைத் தொடாதவர்களும் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். பத்து மடங்கு என்ற எண் நிற்கவில்லை, யோசனை நின்றது. வருத்தம் என்னவென்றால், எண் இல்லாமல் யோசனையை மட்டும் சொல்லியிருந்தால் நான் அன்று வீடியோவைப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

திரும்பவும் அந்த அறை

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் கொட்டவில்லை. நாற்பதைத் தாண்டியவன் எது புதிதாக வந்தாலும் 'இதெல்லாம் நாங்க அப்பவே பார்த்தாச்சு' என்று உட்கார்ந்துகொண்டால், அதுவும் ஒரு சோம்பேறித்தனம்தான். எக்ஸ்எம்எல்லைக் கட்டிக்கொண்டு ரெயில்ஸைப் பார்க்கவே மறுத்த சீனியர்களையும் எனக்குத் தெரியும். சந்தேகப்படுவது என்றால் கதவைச் சாத்துவது இல்லை. நாலு கேள்வி கேட்பது. எதோடு ஒப்பிட்டார்கள்? வேலையின் எந்தப் பகுதி வேகமானது? யாருடைய டேட்டாபேஸில்? எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள்?

நாங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். எங்களிடம் இருப்பதிலேயே அசிங்கமான, பழைய டேபிள்கள் உள்ள ஒரு மாட்யூலை எடுத்து, புது ஃபிரேம்வொர்க்கில் அவர் எழுதிப் பார்ப்பது. லாகின், அனுமதி, சர்வரில் ஏற்றுவது எல்லாம் சேர்த்து. அதுவரை யாரும் வெளியே எந்த எண்ணும் சொல்வதில்லை, முக்கியமாக கஸ்டமரிடம்.

போன வெள்ளிக்கிழமை வந்து சொன்னார். "அண்ணா, முடிச்சிட்டேன். ஒம்பது நாள். லாகின் மட்டுமே மூணு நாள் சாப்பிட்டுடுச்சு. பழைய முறைல பண்ணியிருந்தா பதினாலு நாள் ஆகியிருக்கும்."

"நல்லா இருக்கே. இதையே எழுதிக் கொடு."

அவர் எழுதிக்கொடுத்த தாளில் 9 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'அளந்தது' என்றும், 14-க்குப் பக்கத்தில் 'நம் ஊகம்' என்றும் போட்டிருந்தார். நான் கேட்காமலே போட்டிருந்தார். அடுத்த புராஜெக்ட்டில் அந்த ஃபிரேம்வொர்க்கையே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எஸ்டிமேட்டைக் குறைக்கவில்லை.